மூன்று மில்லி மீட்டருக்குக் கீழே: சிறு மரைக் கோளாறுகளும் டேப், டை வாங்கும் முறையும்

செட்டிநாட்டின் பெரிய வீடுகளான வளவுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்யாணமோ முன்னோருக்குச் செய்யும் படைப்போ நெருங்கும்போதுதான் கதவு திறக்கிறது. சுவர்க் கடிகாரம் ஓடவில்லை, பித்தளை சுவிட்சின் மூடியில் ஒரு திருகு காணவில்லை, பெட்டகப் பூட்டின் முகத்தகடு ஆடுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படுகின்றன. இவற்றுக்கு ஏற்ற திருகு ஹார்டுவேர் கடையில் கிடைப்பது அரிது என்பதால், டேப் என்னும் கருவியால் துளையில் புதிதாக மரை போடவோ, டை என்னும் வட்டக் கருவியால் கம்பியில் மரை வெட்டித் திருகு செய்யவோ வேண்டியிருக்கிறது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கி வீட்டிலேயே செப்பனிட முயல்வோருக்கும் இதே வேலைதான் வந்து நிற்கிறது.

கீழே உள்ளவை ஒடிந்த டேப்புகளையும் கிழிந்த மரைகளையும் பட்டறையில் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் சேர்ந்த குறிப்புகள். இவற்றுள் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடலாம். டேப் ஒடிந்தால் எல்லோரும் டேப்பின் தரத்தையே பழிக்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் துளையின் மீதுதான். ஆனால் துளை சரியான பிறகும் தொல்லை தொடர்ந்தால், அதிலும் 2 மி.மீ.க்குக் கீழே, மலிவான டேப்பை வைத்துக்கொண்டு போராடுவதில் பயனில்லை. நாற்பது துண்டுகள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கும் பணத்தில், உண்மையில் தேவைப்படும் மூன்று நான்கு அளவுகளை நல்ல தரத்தில் தனித்தனியாக வாங்குவதே சிக்கனம்.

கடிகாரத்தில் கை வைப்பவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை: மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை முழுவதும் இறக்காமல், தகடுகளைப் பிணைக்கும் எந்தத் திருகையும் கழற்றக் கூடாது. இறக்கத் தெரியாதவர்கள் அந்த இடத்திலேயே நிறுத்திக் கடிகாரக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும்.

## அறிகுறி: டேப் துளைக்குள்ளேயே ஒடிகிறது

துளை சிறியதா என்று முதலில் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் டிரில் பிட்டுகள் பெரும்பாலும் அரை மி.மீ. இடைவெளியில்தான் இருக்கும். எம் 2 (2 மி.மீ. விட்டமுள்ள மெட்ரிக் மரை) டேப்புக்கு 1.6 மி.மீ. பிட் கேட்டால், “ஒன்றரையே போதும்ண்ணே, டேப் பார்த்துக்கும்” என்று கொடுத்துவிடுவார்கள். டேப் அப்படிப் பார்த்துக்கொள்வதில்லை. எம் 2-இன் மரை இடைவெளி, அதாவது ஒரு மரையிலிருந்து அடுத்த மரைக்கு உள்ள தூரம், 0.4 மி.மீ. 1.6 மி.மீ. துளையில் முழு மரையின் உயரத்தில் ஏறத்தாழ 77 விழுக்காடு வெட்டினால் போதும்; 1.5 மி.மீ. துளையிலோ 96 விழுக்காடு வெட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் கூடுதல் மரையால் பிடிப்பில் பெரிய லாபமில்லை; டேப்பின் மீது விழும் முறுக்கு மட்டுமே ஏறுகிறது. எஃகிலும் ஆழமான துளைகளிலும் நான் 1.65 பிட்டையே பயன்படுத்துகிறேன். அப்போது மரை 67 விழுக்காடுதான் நிற்கும்; கடிகாரத் தகட்டுக்கும் சுவிட்சுக்கும் அதுவே தாராளம்.

மற்ற அளவுகளுக்கான பிட்டுகள்: எம் 1-க்கு 0.75, எம் 1.2-க்கு 0.95, எம் 1.4-க்கு 1.1, எம் 1.6-க்கு 1.25, எம் 2.5-க்கு 2.05, எம் 3-க்கு 2.5 மி.மீ. பழைய ஆங்கிலேயப் பொருட்களில் வரும் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரைகளில் 10 பி.ஏ.க்கு 1.4, 8 பி.ஏ.க்கு 1.8, 6 பி.ஏ.க்கு 2.3. டேப் வாங்கும் அதே நாளில், அதற்குரிய டிரில் பிட்டையும் இரண்டிரண்டாக வாங்கிவிடுங்கள். பிட் இல்லாத டேப் பெட்டியில் தூங்கும், அல்லது ஒடியும்.

அடுத்து, பிசிறும் ஆழமும். அடி மூடிய துளையில் பித்தளைத் தூள் அடியில் சேர்ந்து, டேப்பின் முனை அதன் மேல் போய் முட்டும். அடியைத் தொட்டுவிட்டதை உணராமல் இன்னும் ஒரு கால் சுற்றுத் திருப்பும்போதுதான் பெரும்பாலும் ஒடிகிறது. துளையின் ஆழத்தை ஊசியால் அளந்து, டேப்பின் மீது அந்த அளவில் மார்க்கரால் ஒரு கோடு இட்டுக்கொள்ளுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று திருப்பி, இடையில் இரண்டு மூன்று முறை டேப்பை முழுவதும் வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். திருகின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழத்துக்கு மரை இருந்தால் போதும். அதற்கு மேல் வெட்டுவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவது.

எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பித்தளையில் உலர்வாகவே வெட்டலாம், எஃகுக்குக் கட்டிங் ஆயில், அது இல்லாவிட்டால் விளக்கெண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய்.

பிறகு, கையும் பிடியும். பெட்டியோடு வரும் இரட்டைக் கை டேப் ஹேண்டில் எம் 5-க்கும் எம் 6-க்கும் உரியது. அதில் எம் 1.6 டேப்பை மாட்டினால், கைப்பிடியின் எடையே டேப்பைச் சாய்த்துவிடும். 2 மி.மீ.க்குக் கீழே மெல்லிய தண்டுகளைக் கவ்விக்கொள்ளும், இரண்டு விரல்களால் உருட்டும் பின் வைஸ் என்னும் சிறு கைப்பிடியே சரியான பிடி. டேப் இறுகும்போது அதன் தண்டு வெட்டாமல் முறுகி நிற்பதை அந்த விரல்களால் உணர முடியும். உணர்ந்த கணமே பின்னோக்கித் திருப்ப வேண்டும். செங்குத்தாக இறங்குவதற்கு, துளையிட்ட அதே டிரில்லிங் மெஷினிலேயே வேலையை அசைக்காமல் வைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பிட்டைக் கவ்வும் சக்கில் டேப்பைப் பிடித்துக் கையால் சுற்றுவதைவிட எளிய வழி வேறில்லை. இரண்டு மூன்று மரை இறங்கிய பின் சக்கை விட்டுவிட்டுப் பின் வைஸுக்கு மாறலாம்.

கடைசியாக, டேப். துளையும் ஆழமும் பிடியும் சரியாக இருந்தும் புத்தம்புதிய டேப் பித்தளையிலேயே ஒடிகிறது என்றால், அதை மாற்றியே ஆக வேண்டும். அடி திறந்த துளைகளுக்கு ஸ்பைரல் பாயிண்ட் என்று கேட்டு வாங்குங்கள். அதன் வாய்க்கால்கள் (தண்டில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள்) ஆழம் குறைந்தவை என்பதால் நடுத்தண்டு தடிமனாக இருக்கும். பிசிறையும் முன்னே தள்ளிவிடும். மெஷினுக்காகச் செய்யப்பட்டது என்றாலும் கையால் திருப்புவதற்கு நன்றாகவே உழைக்கிறது. கார்பைடு டேப்பைக் கை வேலைக்கு வாங்க வேண்டாம். சிறு சாய்வைக்கூட அது தாங்காது.

### ஒடிந்த துண்டு உள்ளே நிற்கிறது

துண்டு வெளியே சற்று நீட்டிக்கொண்டிருந்தால், மெல்லிய மூக்குக் குறடால் முன்னும் பின்னுமாக அசைத்துப் பின்னோக்கித் திருப்பிப் பார்க்கலாம். வராவிட்டால் சுத்தியலையும் டிரில்லையும் எடுக்காதீர்கள்; டேப்பைத் துளைக்கும் பிட் வீட்டில் இருக்காது.

பொருள் பித்தளையாக இருந்தால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரம் போதும். தகட்டிலுள்ள இரும்புப் பாகங்கள் அனைத்தையும், ஒரு சிறு ஊசியைக்கூட விடாமல், முதலில் கழற்றிவிட வேண்டும்; விட்டுவைத்தால் அவையும் கரையும். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில், சுடுநீரில் கரையும் மட்டும் படிகாரத்தைக் கரைத்து, தகட்டை ஒடிந்த துண்டு மேல்நோக்கி இருக்குமாறு அதில் மூழ்க வைத்து, நீர் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் துண்டின் மீதிருந்து சிறு குமிழிகள் நூல் பிடித்தாற்போல் எழும். கரைசல் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அவ்வப்போது தகட்டைத் தட்டிக் கருப்புக் கசடை ஊசியால் அகற்ற வேண்டும். எழுவது ஹைட்ரஜன் ஆதலால் மூடிய அறையில் செய்யாமல், முற்றத்திலோ தாழ்வாரத்திலோ, நெருப்புக்கு எட்டத்தில் செய்யலாம். கார்பன் ஸ்டீல் டேப் சில மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் கரைந்து உதிரும், ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டேப் அதைவிட மெல்லத்தான் கரையும்.

இதனால்தான் திரும்பக் கிடைக்காத பழைய பித்தளைத் தகட்டில் மரை போடும்போது, ஹெச்.எஸ்.எஸ். டேப் கையில் இருந்தும் கார்பன் ஸ்டீல் டேப்பையே நான் எடுக்கிறேன். பித்தளைக்கு அதன் கடினம் போதும். ஒடிந்தாலும் மீள வழி உண்டு. ‘ஹெச்.எஸ்.எஸ். தவிர எதையும் தொடாதே’ என்று சொல்பவர்கள் எஃகை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள்.

நிறுத்த வேண்டிய இடம்: ஒடிந்தது எஃகுப் பாகத்தில் என்றாலோ, பித்தளையிலிருந்து எஃகு அச்சைப் பிரிக்க முடியாது என்றாலோ படிகாரம் உதவாது. அப்போது இ.டி.எம். மெஷினில் மின்பொறியால் துண்டை அரித்து எடுப்பதுதான் வழி. கோயம்புத்தூர் டூல் ரூம்களில் அது நடக்கும். துளையைச் சுற்றிச் சுரண்டிக் கெடுக்கும் முன்பே கொண்டுபோவது செலவைக் குறைக்கும்.

## அறிகுறி: திருகு இரண்டு சுற்று ஏறிப் பாதியில் இறுகுகிறது

துளையில் பிசிறு நிற்கிறதா என்று பார்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, பல் குத்தும் குச்சியால் துடைத்துவிட்டு மறுபடி திருகிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் டேப்பின் கழுத்தைப் பாருங்கள். ஜெர்மானியத் தர அளவான டி.ஐ.என். 352 முறையில் வரும் மூன்று டேப் செட்டில், ஒரு வளையக்கோடு இட்டது முதல் டேப், இரண்டு கோடு இட்டது இரண்டாவது, கோடில்லாதது கடைசி. முதல் இரண்டும் வேண்டுமென்றே முழு அளவுக்குச் சற்றுக் குறைவாகச் செய்யப்பட்டவை. கடைசி டேப் இறங்கினால்தான் மரை முழுமை பெறும். வேறு சில செட்டுகளில் மூன்றும் ஒரே விட்டம். முனைச் சரிவு மட்டுமே மாறும். அந்தப் பழக்கத்தில் முதல் டேப்போடு நிறுத்திவிட்டால் திருகு இறுகத்தான் செய்யும்.

மூன்றாவது காரணம் மரை முறையே வேறாக இருப்பது. செட்டிநாட்டு வீடுகளின் பழைய சுவிட்சு, மீட்டர், கிராமபோன் போன்ற ஆங்கிலேயப் பொருட்களில் பி.ஏ. மரைகளே மிகுதி. 1884-இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் வகுத்த அந்த முறையின் கோணம் 47.5 பாகை, இன்றைய மெட்ரிக் மரைக்கு 60 பாகை. அளவுகள் ஏமாற்றும் அளவுக்கு நெருங்கி நிற்கின்றன:

10 பி.ஏ. — விட்டம் 1.7, இடைவெளி 0.35, எம் 1.6-க்கும் இடைவெளி 0.35
8 பி.ஏ. — விட்டம் 2.2, இடைவெளி 0.43, எம் 2-க்கு 0.4
6 பி.ஏ. — விட்டம் 2.8, இடைவெளி 0.53, எம் 3-க்கு 0.5

எம் 1.6 திருகு 10 பி.ஏ. துளையில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். பொருந்திவிட்டது என்றே தோன்றும். 10 பி.ஏ. திருகோ எம் 1.6 துளையில் ஏறாது, அல்லது வலிந்து ஏற்றினால் தலை முறிந்துவிடும்.

சோதிக்கும் முறை எளிது. அறிந்த அளவுள்ள டேப்பின் மரையைப் பழைய திருகின் மரையோடு பக்கவாட்டில் சேர்த்து, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நகை பார்க்கும் லென்ஸால் பாருங்கள். முறை ஒன்றானால் பல்லும் பள்ளமும் முழு நீளத்துக்கும் பொருந்தி, இடையில் வெளிச்சம் தெரியாது. வேறானால் முதல் மூன்று நான்கு பற்கள் பொருந்திய பின் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கும். 8 பி.ஏ.க்கும் எம் 2-க்கும் பத்து மரையில் 0.3 மி.மீ. வேறுபாடு வந்துவிடுவதால், கண்ணுக்கே தெரியும்.

பி.ஏ. டேப்பும் டையும் நம் வட்டாரக் கடைகளில் எளிதில் அகப்படா. இங்கிலாந்தில் மாடல் இன்ஜினியரிங் பொருட்கள் விற்கும் கடைகளில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. முதலில் வாங்க வேண்டியவை 4, 6, 8, 10 என்னும் இரட்டைப்படை எண்கள்.

பழைய அமெரிக்க, ஜெர்மானியச் சுவர்க் கடிகாரங்களில் எந்த அட்டவணைக்கும் அடங்காத மரைகள் வரும். அங்கே நிறுத்திவிடுங்கள். துளையை மெட்ரிக்காக மாற்றிவிடலாம் என்று தோன்றும். மாற்றினால் பொருளின் மதிப்பும் போகும், அடுத்துச் செப்பனிட வருபவருக்கும் தொல்லை. லேத்தில் அந்த ஒரு திருகை மட்டும் கடைந்து தரக்கூடியவரிடம் மாதிரித் திருகோடு கொடுப்பதே முறை.

## அறிகுறி: திருகு இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது

திருகு தேய்ந்திருக்கிறதா, துளை தேய்ந்திருக்கிறதா என்பதைப் பிரிப்பது முதல் வேலை. அதே அளவுள்ள புதிய திருகைத் துளையில் போட்டுப் பாருங்கள். அது பிடித்தால் கோளாறு பழைய திருகில். அதுவும் சுற்றினால் துளையில்.

புதிதாக வெட்டிய மரையே இப்படி இருந்தால், டிரில் பிட் பெரிய துளை இட்டிருக்கிறது. மலிவு பிட்டின் இரு உதடுகளும் சமமாக இல்லாவிட்டால் 1.6 பிட் 1.75 துளை இடும். வேண்டாத பித்தளைத் துண்டில் ஒரு துளை இட்டு, பிட்டின் தண்டையே அதில் நுழைத்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். டேப் தொடங்கும்போது கை ஆடினாலும் துளையின் வாய் மணி போல் விரிந்து, மேல் மரைகள் இரண்டும் இல்லாமல் போகும்.

பழைய துளை தேய்ந்திருந்தால் உடனே அடுத்த அளவுக்குத் தாவ வேண்டியதில்லை. பிளவுள்ள டையைச் சற்று விரித்து, வழக்கத்தைவிடச் சில நூறில் ஒரு பங்கு மி.மீ. தடித்த திருகு ஒன்றை வெட்டினால் பழைய துளையே பிடித்துக்கொள்ளும். நான் முதலில் முயல்வது இதைத்தான். அதற்கும் தேறாவிட்டால் அடுத்த அளவு: 10 பி.ஏ. துளையை 9 பி.ஏ. ஆக்கலாம், விட்டம் 1.7-இலிருந்து 1.9 ஆகும். கடையில் திருகு கிடைக்காத இந்த ஒற்றைப்படை அளவுகள் பயன்படும் இடம் இதுதான். தகட்டின் ஓரம் மெலிந்திருந்து, பெரிதாக்க இடமில்லை என்றால் துளையைப் பெரிதாக்கி அதில் பித்தளைப் புஷ் (சிறு உருளை) அடித்து நடுவில் புது மரை போட வேண்டும். அது லேத்தில் கடையும் டர்னரின் வேலை.

## அறிகுறி: டை வெட்டும் மரை கிழிந்தோ சாய்ந்தோ வருகிறது

டையின் எந்த முகம் கம்பியைப் பார்க்கிறது என்று பாருங்கள். முனைச் சரிவு அகலமாக உள்ள பக்கம்தான் முதலில் இறங்க வேண்டும். பெரும்பாலான டைகளில் எழுத்துப் பொறித்த பக்கமே அது.

கம்பியின் விட்டம் அடுத்தது. மரை வெட்டும்போது உலோகம் சற்று மேலெழும் என்பதால், எம் 2-க்கு 2.0 கம்பியை அப்படியே கொடுத்தால் கிழியும், 1.95 சரியாக இருக்கும். எம் 1.6-க்கு 1.55. கம்பியின் முனையை அரத்தால் கூம்பாகச் சீவிக்கொள்ள வேண்டும்.

டை ஹேண்டிலில் மூன்று திருகுகள் இருக்கும். நடுத் திருகைப் பிளவில் இறுக்கினால் டை விரியும். பக்கத் திருகுகளை இறுக்கினால் சுருங்கும். முதல் வெட்டு விரித்த நிலையில். துளையில் போட்டுப் பார்த்து, வேண்டுமானால் சுருக்கி இரண்டாம் வெட்டு. பிளவே இல்லாத டைகளில் இந்த வசதி கிடையாது என்பதால், சிறு அளவில் அவற்றை நான் வாங்குவதில்லை.

டை ஹேண்டிலில் ஆடினால் மரை கட்டாயம் சாயும். வாங்கும்போது பெரும்பாலோர் தவறவிடும் இடம் இது: எம் 1 முதல் எம் 2.6 வரையுள்ள இன்றைய மெட்ரிக் டைகள் 16 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன் கொண்டவை, எம் 3, எம் 4 டைகள் 20 மி.மீ. ஆங்கிலேய முறை டைகள் பதினாறில் பதின்மூன்று பங்கு அங்குலம், அதாவது 20.6 மி.மீ. இவற்றுக்குத் தனித்தனி ஹேண்டில் வேண்டும். இடையில் தகரம் மடித்து வைத்துச் சமாளிக்க முடியாது.

தோடு, மூக்குத்தியின் திருகாணிக்கு இந்த டைகளை நாடி வருபவர்களும் உண்டு. அதற்கு அட்டவணை தேடாதீர்கள்; நகையைச் செய்த பத்தரிடமே கொடுங்கள். அவருடைய மரைத் தகட்டின் அளவு அவரிடம் மட்டுமே இருக்கும்.

## அறிகுறி: புதிய டேப்பின் மீதே ஐயம்

பொறிப்பில் அளவு, இடைவெளி, உலோகம், செய்தவரின் பெயர் ஆகிய நான்கும் இருக்க வேண்டும்; 6 ஹெச் என்ற பொருத்தக் குறியும் இருந்தால் நல்லது. ‘டூல் ஸ்டீல்’, ‘அலாய் ஸ்டீல்’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் எதுவும் சொல்லவில்லை என்றே பொருள். லென்ஸில் பார்த்தால், கிரைண்டிங் செய்த மரையின் பக்கங்கள் ஒரே சீராகப் பளபளக்கும், வெட்டும் விளிம்பு கோடு போல் தெரியும்; மட்டமானதில் விளிம்பில் பிசிறு தொங்கும், பற்களின் உச்சி உருண்டிருக்கும். கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பாருங்கள். முனை ஆடினால் வளைந்த டேப். இரண்டு அல்லது நான்கு வாய்க்கால் கொண்டதானால் மைக்ரோமீட்டரில் அளக்கலாம். எம் 2-இன் கடைசி டேப் 2.00-க்குச் சற்று மேலே காட்ட வேண்டும். மூன்று வாய்க்கால் டேப்பை இரு தாடைகளுக்கிடையில் அளந்து ஏமாறக் கூடாது.

ஏற்கெனவே வாங்கிவிட்ட பெட்டியானால், ஒருபோதும் பயன்படாத ஓர் அளவை எடுத்துத் தண்டின் நுனியை கிரைண்டரில் தொட்டுப் பாருங்கள். கார்பன் ஸ்டீலில் பூத்திரி போல் வெண்பொறிகள் கிளை விடும், ஹெச்.எஸ்.எஸ்.ஸில் மங்கிய சிவப்பாகச் சில பொறிகளே வரும். பற்களின் மீது மென்அரத்தை இழுத்தால் அது வழுக்க வேண்டும். கவ்வினால் அந்தப் பெட்டியில் மற்றவையும் அப்படித்தான் இருக்கும்.

இந்தியத் தயாரிப்பில் டோட்டம், அடிசன், ஜப்பானியத் தயாரிப்பில் யமவா, ஓ.எஸ்.ஜி. ஆகிய பெயர்களைக் கேட்டு வாங்கலாம். சென்னை பாரிமுனையை ஒட்டிய செம்புதாஸ் தெருவின் டூல் கடைகளில் தனித்தனியாகத் தருவார்கள். தொலைபேசியில் கேட்பதானால் ‘சின்ன டேப்’ என்று சொல்லாமல், ‘எம் 1.6 × 0.35, ஹேண்ட் டேப், மூன்று கொண்ட செட், ஹெச்.எஸ்.எஸ். கிரவுண்ட்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். 2 மி.மீ.க்குக் கீழ் உள்ளவற்றில் கடைசி டேப்பை மட்டும் ஒன்று கூடுதலாகக் கேளுங்கள். தனியாகத் தர மறுக்கும் கடையில் இரண்டு செட்டாக வாங்கிவிடுவது, கல்யாணத்துக்கு முதல் நாள் பேருந்தேறிச் சென்னைக்குப் போவதைவிட மலிவு.